செவ்வாயில் தண்ணீர், வீட்டில் முக்கால் லிட்டர்

செவ்வாய்க் கிரகத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு. என் ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் காப்பி குடித்த கையோடு திருப்பி அனுப்பியது அதுதான். இருபத்தொன்பது வயது வரை அப்பா என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைசியில் அதே தோஷம் உள்ள ஒருவர், எங்கள் கொச்சி மட்டாஞ்சேரியிலேயே, நாலு சந்து தள்ளி ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்ப்பவர், அகப்பட்டார். இரண்டு தோஷமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஜோசியர் சொன்னார். தோஷம் போனதோ இல்லையோ, முப்பது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இவருடைய வேலை ஈரம் பார்ப்பது. மலையிலிருந்து மிளகு மூட்டைகள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றாக வாயைப் பிரித்து முழங்கை வரை கையை உள்ளே விடுவார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுவார். ஒரு மணியைக் கடிப்பார். "பன்னெண்டு" என்பார், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரம் என்று. இல்லாவிட்டால், "பதிமூணரை, இன்னும் ரெண்டு வெயில் காட்டணும்" என்பார். ஈரமான மிளகைக் கிடங்கில் அடுக்கினால் பூசணம் பிடித்துப் பக்கத்து மூட்டையையும் கெடுத்துவிடும். ஈரம் பார்க்க மெஷின் வந்த பிறகும் முதலாளி இவர் கையைத்தான் முதலில் நம்பினார். வீட்டிலும் இவருக்கு அதே புத்திதான். காய்ந்துவிட்டது என்று நான் மடித்து வைத்த துணியைத் தொட்டுப் பார்த்து, "காயலை" என்று மறுபடி கொடியில் கொண்டுபோய்ப் போடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாயில் தண்ணீர் இருக்கலாம் என்ற செய்தி முதல் தடவை வந்தபோது இவருக்கு உடம்பு நன்றாக இருந்தது, கண்ணும் நன்றாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் மலையாளப் பேப்பர்தான் வரும். அதில் ஒரு படம் போட்டிருந்தார்கள். அங்கே மலைச் சரிவுகளில் கருப்புக் கோடுகள் தெரிகின்றனவாம். வெயில் காலத்தில் நீள்கின்றனவாம், குளிரில் மங்கிப்போகின்றனவாம். உப்புத் தண்ணீர் கசிவதாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. இவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வேலியேற்ற நாட்களில், கடல் ஏறுகிற நாட்களில், கழித்தண்ணீர் ஓடை வழியாக ஏறி எங்கள் வாசற்படி வரை வந்து நிற்கும். அது வடிந்த பிறகும் சுவரில் கோடு கோடாக இறங்கி உப்புப் பூத்திருக்கும்.

"இதேதான். இதுக்குப் போயி அங்க வரைக்கும் போவணுமா" என்றார்.

"போயி கையை விட்டுப் பாத்துட்டு வாங்களேன். பன்னெண்டா பதிமூணான்னு சொல்லுங்க."

"படத்தப் பாத்து ஈரம் சொல்றவன நான் நம்ப மாட்டேன்" என்றார். கொஞ்ச காலம் கழித்து, அது தண்ணீராக இல்லாமல் வெறும் மணல் சரிந்த தடமாகக்கூட இருக்கலாம் என்று அதே பேப்பர் போட்டது. இவருக்கு ஒரே பெருமை. ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு சர்க்கரை இவரை ஒரு வழி பண்ணியது. முதலில் கண் மங்கியது. கிடங்கு வேலை நின்றது. பேப்பரை நான் படித்துச் சொல்ல ஆரம்பித்தேன், மலையாளத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில். அடுத்தது சிறுநீரகம், இரண்டும். செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் கிளம்பிப் போனால் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாளே டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். இவருக்கு மூத்திரம் அநேகமாக நின்றுவிட்டது, குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும், முதலில் காலில் இறங்கும், அப்புறம் நெஞ்சில் ஏறும், நெஞ்சில் ஏறினால் மூச்சு நிற்கும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். சாயா, மாத்திரை முழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். "அம்மாவோட கையிலாணு" என்றார், இனி எல்லாம் உங்கள் கையில் என்று. டாக்டர்கள் இப்படிச் சுலபமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

என் குணம் எனக்குத் தெரியும். ஒரு காரியத்தைக் கொடுத்தால் பிடித்த பிடியை விட மாட்டேன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நெயில் பாலிஷால் கோடு போட்டேன். தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்புவேன். இவருக்கு எது கொடுத்தாலும் அதிலிருந்துதான். சாயாவுக்குக்கூட அதிலிருந்துதான் தண்ணீர் எடுப்பேன். மத்தியானத்துக்குள் பாதி தீர்ந்துவிடும். வெயில் நாளில் இவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சே குழறும். வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஒரு மடக்கு" என்பார். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவேன். கண் சரியாகத் தெரியாதவரிடம் பாட்டிலைக் காட்டி என்ன பிரயோஜனம், ஆனாலும் காட்டுவேன். பைப்பில் ஒன்று விட்டு ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் வரும்போது அந்தச் சத்தத்துக்கே இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். குடம், அண்டா, பக்கெட் எல்லாம் நிறைகிற வரை கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தேன்.

தினமும் காலையில் இன்னொரு வேலை. இவர் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். விரலை எடுத்ததும் சதை மேலே வந்துவிட்டால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. பள்ளுருத்தி ஊர்ப் பெண், நல்ல மாதிரி. பள்ளம் மூடுகிற வரை நான் மனதுக்குள் எண்ணுவேன். ஆரம்பத்தில் மூன்று எண்ணுவதற்குள் மூடிவிடும். மழைக்காலம் முடிந்த சமயத்தில் பத்து எண்ணினேன். அப்புறம் இருபது.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் மூன்றரைக் கிலோ ஏறியிருந்தது. அவ்வளவும் தண்ணீர். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் பாட்டில் கணக்கைச் சொன்னேன். "பின்ன இது எவிடந்நு வந்நு?" என்று கேட்டாள், பின்னே இது எங்கிருந்து வந்தது என்று. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் கொடுக்கவில்லை என்றால் இவர் திருடிக் குடிக்கிறார். வேறு என்ன இருக்க முடியும்.

அன்றிலிருந்து நான் வீட்டில் போலீஸ்காரி ஆனேன். குளியலறை பக்கெட்டில் பேனாவால் கோடு போட்டேன். குடத்து மூடியின் மேல் ஒரு கடுகை வைத்துவிட்டு, அது உருண்டிருக்கிறதா என்று வந்து பார்த்தேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டைக் காலி பண்ணினேன். இவர் பாத்ரூமுக்குப் போனால் வெளியே நின்று காது கொடுத்தேன். டம்ளர்களைத் துடைத்துக் கவிழ்த்து, அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சி மேல் சந்தேகம் வந்தது. நான் கடைக்குப் போகிற நேரத்தில் அவள் வந்து இவரோடு பேசிக்கொண்டிருப்பாள். இளநீர் வெட்டிக் கொடுக்கிற கை அவளுக்கு. நான் வாசலில் நின்று கேட்டேவிட்டேன். "எண்டெ தெய்வமே, ஞான் ஒரு துள்ளி கொடுத்திட்டில்ல" என்று அழுதுவிட்டாள், ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை என்று. இருபது வருஷப் பழக்கம். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் எங்கள் வாசல் ஏறவில்லை.

ஒரு நாள் இவர் மேல்துண்டின் நுனி ஈரமாக இருந்தது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எங்க குடிச்சீங்க?"

"குடிக்கல. வாய் கொப்புளிச்சேன்."

"பொய் சொல்லாதீங்க. கள்ளன் மாதிரி வீட்டுக்குள்ளயே திருடிக் குடிச்சுட்டு. சாகணும்னா நேரா சொல்லிட்டுச் சாகுங்க. நான் எதுக்கு இந்தப் பாட்டிலத் தூக்கிட்டு அலையறேன்."

என்னோடு முப்பது வருஷம் வரிக்கு வரி சண்டை போட்ட மனிதர், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். குற்றம் செய்தவன்தான் பேச மாட்டான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். தட்டைப் போட்டு, சோற்றைப் போட்டேன். அப்போதும் பேசாமல் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் செவ்வாயைப் பற்றி இன்னொரு செய்தி படித்துச் சொன்னேன். தென் துருவத்தில் பனிக்கட்டிக்கு அடியில் ஏரி மாதிரி தண்ணீர் இருக்கலாம் என்று சிலர் சொல்ல, தண்ணீர் இல்லை, வெறும் களிமண் என்று வேறு சிலர் சொல்கிறார்களாம். ஒரே அடையாளத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். எனக்கு அவர்கள்மேல் முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. நானும் அப்படித்தானே விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் திண்டாடுகிறேன்.

சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி வரும். அதுதான் பயமான இடைவெளி. ஒரு திங்கட்கிழமை காலையில் இவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தாலும் மூச்சு இழுத்தது. உதடு நிறம் மாறிவிட்டது. பேசாமல் இருந்த சேச்சிதான் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தாள். தோப்பும்படி பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மீன் லாரி ஒன்று குறுக்கே நின்றுகொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தபடியே இருந்தார். இவர் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சுக்குத் தவித்தார். நான் முதுகைத் தடவினேன். அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது. இரண்டு பக்கமும் காயல், பாலத்துக்குக் கீழே படகுகள், பார்க்கிற இடமெல்லாம் தண்ணீர். இவர் நெஞ்சுக்குள்ளேயும் தண்ணீர். எனக்கு அழுகைகூட வரவில்லை.

நல்ல வேளை, மெஷின் ஒன்று காலியாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் மூச்சு சீரானது. பள்ளுருத்தி நர்ஸ் வெளியே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மே, இன்னலெ உச்சைக்கு எந்தா கழிச்சது?" என்றாள். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று.

"சோறு."

"கறி?"

"கறி ஒண்ணும் இல்ல. உப்புக் குறைச்சுப் பீன்ஸ் பொரியல். ரசம். கடைசில மோர்."

"ரசம் எத்ர?"

நான் கையால் கரண்டியைக் காட்டினேன். சோற்றில் பிசைய இரண்டு கரண்டி. பாதியில் இன்னொன்று. கடைசியில் உள்ளங்கையைக் குவித்து நீட்டுவார், அதில் ஊற்றி ஊற்றி உறிஞ்சுவார், அது ஒரு கரண்டி. எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான். இரண்டு வேளையும் ரசம் உண்டு. காய்ச்சல் வந்தாலும் ரசம், கல்யாணம் வந்தாலும் ரசம்.

அவள் மெதுவாக, "அதும் வெள்ளமல்லே அம்மே" என்றாள். தண்ணீரைத்தான் இங்கே வெள்ளம் என்பார்கள்.

"ரசம் தண்ணியா? அது சாப்பாடு" என்று நான் அவளிடம் சண்டைக்குப் போனேன். சொல்லிக்கொண்டே பையைத் துழாவினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் சாயா எழுதியிருந்தது, ஜூஸ் எழுதியிருந்தது, கஞ்சித்தண்ணீர் எழுதியிருந்தது. ரசம் எழுதியிருக்கவில்லை. எழுதாததை நான் யோசிக்கவில்லை. தண்ணீர் என்றால் டம்ளரில் இருப்பது, சோற்றில் ஊற்றினால் அது சோறு. அவ்வளவுதான் என் மூளைக்கு எட்டியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கரண்டியால் தண்ணீர் மொண்டு, கோடு போட்ட பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன். இரண்டு வேளை ரசமும் மோருமாகக் கோட்டைத் தாண்டிக் கழுத்து வரை வந்து நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறேன். ஒன்றைச் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைக் கரண்டி கரண்டியாக, போதுமா இன்னும் வேணுமா என்று கேட்டுக் கேட்டு ஊற்றியிருக்கிறேன். யாரும் திருடவில்லை. சேச்சி வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் "போட்டே" என்று சொல்லிவிட்டாள், போகட்டும் என்று. நல்ல மனுஷி.

இவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"நான்தாங்க கொடுத்திருக்கேன். ரசத்தக் கணக்குல சேர்க்கல. மோரையும் சேர்க்கல."

இவர் ஏலக்காயை வாயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"மிளகுல ஒரு சதவீதம் ஈரம் கூடினாலே கைக்குத் தெரியும். ரசத்துல தண்ணி இருக்கறது தெரியாதா?"

"எப்பலேந்து தெரியும்?"

"நீ பாட்டில்ல கோடு போட்ட அன்னைக்கே."

"பின்ன ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்திடுவ."

"உங்களக் கள்ளன்னு சொன்னேனே. சாகச் சொன்னேனே. அப்பவாவது வாயத் திறந்திருக்கக் கூடாதா?"

"சொன்ன. சொல்லிட்டு ரசம் ஊத்தினியே" என்றார்.

எத்தனையோ தடவை இவர் என்னைப் பேச்சில் மடக்கியிருக்கிறார். இந்த மாதிரி ஒரு தடவையும் மடக்கியதில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போய், உப்புப் பூத்த சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உயிரே போனாலும் பரவாயில்லை, ரசம் நிற்கக் கூடாது என்று ஒரு மனிதர் நினைக்கிற அளவுக்கு இவருக்குத் தாகம் இருந்திருக்கிறது. பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை. கால் எலும்பை மட்டும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரசத்தை நிறுத்தினேன். வேறு வழி இல்லை. எடை இறங்கியது. டாக்டர் என்னைப் பாராட்டினார். எனக்கு அந்தப் பாராட்டை அவர் முகத்திலேயே திருப்பி எறியலாம் போல இருந்தது. இவர் வெறும் சோற்றைப் பொரியலோடு மென்று மென்று முழுங்குவார். தொண்டையில் அடைக்கும். முதுகில் தட்டிக்கொடுப்பேன். எனக்கு மட்டும் ரசம் வைக்க மனசு வரவில்லை. மூன்று மாதம் வீட்டில் ரசமே இல்லை.

போன வாரம் இவரே சொன்னார். "எனக்காக நீ விடாத. வெச்சுச் சாப்பிடு. வாசனையாவது வரட்டும்."

நர்ஸைக் கேட்டேன். பாட்டில் தண்ணீரில் கழித்துக்கொண்டு மூன்று ஸ்பூன் கொடுக்கலாம், தக்காளி மட்டும் வேண்டாம், இவருக்கு ஆகாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு சின்னச் செம்பில் ரசம் வைத்தேன். அது கொதிக்கிற நேரத்தில் பேப்பர் படித்துச் சொன்னேன். செவ்வாயைப் பற்றி மறுபடி போட்டிருந்தது. பாறைகளுக்கு அடியில் நிறையத் தண்ணீர் இருக்கலாமாம். அங்கே நிலம் அதிர்ந்ததை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்களாம். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் இருக்கிறதாம்.

"எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாதுன்னுதான் போட்டிருக்கு. இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்."

இவர் சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி மூச்சை இழுத்தார். பெருங்காய வாசனை வந்துகொண்டிருந்தது.

சோறு சாப்பிட்டு முடித்ததும், வழக்கம் போல உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். முழங்கை வரை மூட்டைக்குள் போய்வந்த கை, இப்போது ஊசி குத்திக் குத்தி நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. ஒரு ஸ்பூன் பிடிக்கிற மருந்துப் பாட்டில் மூடியில் அளந்து மூன்று தடவை ஊற்றினேன். கைக்குழிகூட நிறையவில்லை. குனிந்து உறிஞ்சினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். முழுங்கிய பிறகு மறுபடி கையைக் குவித்து, அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் தெரியாததால் இன்னும் நான் ஊற்றப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்.

அவ்வளவுதாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.